கிட்டார்களுக்கு நடுவே தொலையாத லீட் சின்த்: மெட்டல் சோலோவுக்கான ஒலியைப் படிப்படியாகக் கட்டுவது

நான் சின்தசைசரில் முதன்முதலில் செய்த லீட் ஒலி (சோலோ வாசிப்பதற்கான முன்னணி ஒலி), அறையில் தனியாக வாசித்தபோது பிரமாதமாக இருந்தது. ஏழு சாடூத் (ரம்பப்பல் வடிவ) அலைகள், இரண்டு பக்கமும் விரிந்த கோரஸ், நாலு நொடி நீளும் ரிவெர்ப் (அறை முழக்கம்). அதைத் தூக்கிக்கொண்டு பேண்ட் ஒத்திகைக்குப் போனேன். இரண்டு கிட்டார்களும் டிரம்ஸும் தொடங்கியதும் என் ஒலியைக் காணவில்லை. வால்யூமை ஏற்றினால் மூட்டம்தான் பெரிதானது. எந்தச் சுரம் வாசிக்கிறேன் என்று எனக்கே பிடிபடவில்லை. பாட்டு முடிந்ததும் டிரம்மர் கேட்டார்: "சோலோ வாசிச்சியா, இல்ல விட்டுட்டியா?"

அன்றைக்கே வேலை செய்யும் வரிசையை மாற்றினேன். அதுவரை அழகான ஒலியைத் தேடிப் பிடித்துவிட்டு, அதை எப்படி வாசிப்பது என்று பிறகு யோசிப்பேன். இப்போது சுருதி எப்படி வளைய வேண்டும் என்பதை முதலில் முடித்துவிடுகிறேன். அடுத்து, அலையை வெட்டி ஒலியை முரடாக்கும் டிஸ்டார்ஷன். அலை, ஃபில்டர் எல்லாம் அந்த இரண்டுக்கும் வேலை செய்யும் ஆட்கள். கீழே உள்ளதும் அந்த வரிசைதான், ஒன்றிரண்டு இடங்களில் முன்பின்னாக.

எந்த சின்த் என்பது பெரிய விஷயமில்லை. அடிப்படைக்கு இரண்டு ஆஸிலேட்டர் (அலையை உண்டாக்குவது), ஒரு ஃபில்டர் (வடிகட்டி), இரண்டு என்வலப் (ஒவ்வொரு சுரத்திலும் அளவையோ ஃபில்டரையோ ஏற்றி இறக்குவது), ஒரு எல்எஃப்ஓ (எதையாவது மெதுவாக ஆட்டுவது), ஒரு டிஸ்டார்ஷன் இருந்தால் போதும். பின்னால் வரும் சில கூடுதல் வித்தைகளுக்கு மட்டும் இன்னொரு ஆஸிலேட்டர், என்வலப், எல்எஃப்ஓ வேண்டியிருக்கும். கையில் எதுவும் இல்லையென்றால் சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல் என்ற கணினி சின்த்கள் இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. இங்கே சொல்லும் பெரும்பாலானவற்றை அவற்றிலேயே செய்யலாம்.

முதலில் வளைவு, பிறகுதான் ஒலி

வெறும் சாடூத் அலை ஒன்றை எடுங்கள். எஃபெக்ட் எதுவும் வேண்டாம். குரல் எண்ணிக்கையை ஒன்றாக்கி, மோனோ (ஒரு நேரத்தில் ஒரு சுரம்), லீகாட்டோ (சுரங்கள் ஒட்டி வருவது), கடைசிச் சுரத்துக்கு முன்னுரிமை என்று அமையுங்கள். 1970-இல் வந்த மினிமூக் சின்த்தால் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வாசிக்க முடியும். மஹாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற ஜாஸ்-ராக் குழுவில் யான் ஹாமர் அதை வைத்துக்கொண்டுதான் கேட்பவர்களை இது கிட்டாரா கீபோர்டா என்று குழப்பினார். அவருடைய ரகசியம் பெரும்பாலும் இடது கையில், சுருதியை வளைக்கும் சக்கரமான பெண்ட் வீலில் இருந்தது.

பெண்ட் அளவு: மேலே 2 செமிடோன் (அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் இடைவெளி ஒரு செமிடோன்). ஆர்வக்கோளாறில் 12 வைக்காதீர்கள். 12 வைத்தால் வீலின் மொத்தப் பயணத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குக்குள் ஒரு செமிடோன் அடங்கிவிடும். சுருதி சுத்தமாக நிற்காது. 2 வைத்தால் வீல் முட்டி நிற்கும் இடமே முழு டோன், கண்ணை மூடிக்கொண்டு போகலாம். மேலுக்கும் கீழுக்கும் தனித்தனி அளவு வைக்க உங்கள் சின்த் இடம் கொடுத்தால், கீழே மட்டும் 12 வையுங்கள். கிட்டாரில் கம்பிகளைத் தளர்த்தும் வாமி பாரை அழுத்தியதுபோல ஒரு ஆக்டேவ் பாதாளத்துக்குப் போய் வரலாம்.

இப்போது ஒரு பயிற்சி. ஈ (E) சுரம் வேண்டும் என்றால் ஈ கட்டையைத் தொடாதீர்கள். டி-யை (D) அழுத்தி, வீலை மேலே தள்ளி ஈ-க்குப் போங்கள். அங்கே ஒரு கணம் நில்லுங்கள், மெதுவாக இறங்குங்கள். அடுத்து அதையே தலைகீழாகச் செய்யுங்கள்: வீலை முன்பே மேலே தள்ளி வைத்துவிட்டு டி-யை அடியுங்கள். ஈ ஒலிக்கும். பிறகு விடுங்கள், டி-க்குச் சரியும். கிட்டார்காரர்கள் கம்பியை முன்கூட்டியே இழுத்துவிட்டு மீட்டுவது இதைத்தான். இந்த இரண்டும் கையில் படிந்துவிட்டால் வெறும் சாடூத்கூடப் பேச ஆரம்பிக்கும். படியாவிட்டால் எத்தனை எஃபெக்ட் போட்டாலும் அது ஆர்கன் டோனில் ஸ்கேல் வாசிப்பதுபோலத்தான் இருக்கும்.

வைப்ரேட்டோவில் பலரும் கவனிக்காத நுணுக்கம் ஒன்று உண்டு. சின்த்தின் எல்எஃப்ஓ வழக்கமாகச் சுருதியை மேலும் கீழும் சமமாக ஆட்டும். கிட்டாரில் விரலால் கம்பியை இழுத்து அசைத்தால் சுருதி மேலே போய்த் திரும்பும். தொடங்கிய இடத்துக்குக் கீழே இறங்காது. எல்எஃப்ஓவில் யூனிபோலார் (ஒரு பக்கம் மட்டும் ஆட்டுவது) என்ற விருப்பம் இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். வேகம் 5 முதல் 6 ஹெர்ட்ஸ், ஆழம், பெண்ட் வீலுக்குப் பக்கத்தில் இருக்கும் மாட் வீல் முழுதாக ஏறும்போது 35 சென்ட் வரை (100 சென்ட் ஒரு செமிடோன்). மாட் வீலையே எல்எஃப்ஓவின் வேகத்துக்கும் கொஞ்சம் இணைத்துவிட்டால், ஆழம் கூடக்கூட நடுக்கமும் லேசாக வேகமெடுக்கும். மனிதக் கை அப்படித்தான் செய்கிறது. கை தேறியவர்கள் எல்எஃப்ஓவைத் தொடாமல் பெண்ட் வீலையே ஆட்டிக்கொள்ளலாம். எனக்கு அதுதான் பிடிக்கும், ஆனால் வேகமான பாட்டில் இடது கைக்கு நேரம் கிடைக்காது.

கிளைடு (ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குச் சுருதி வழுக்கும் நேரம்): சுரங்கள் ஒட்டி வரும்போது மட்டும் வேலை செய்யும்படி வைத்து, 20 முதல் 30 மில்லிசெகண்ட் கொடுங்கள். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 160 பிபிஎம் (நிமிடத்துக்கு 160 தாள அடி) வேகத்தில் பதினாறாம் சுரம் ஒன்றின் ஆயுள் சுமார் 94 மில்லிசெகண்ட். கிளைடு 60 என்றால் சுரம் தன் இடத்துக்கு வந்து சேர்வதற்குள் பாதி ஆயுள் போய்விடும். ஓட்டம் முழுக்கக் குழைந்த களிமண் மாதிரி கேட்கும்.

ஆஸிலேட்டர்: குறைவாக வையுங்கள்

முதல் ஆஸிலேட்டர் சாடூத். இரண்டாவது பல்ஸ், அகலம் 30 சதவீதம் சுற்றி, அதே ஆக்டேவில், முதலாவதைவிடச் சற்றுத் தாழ்ந்த அளவில். இரண்டுக்கும் இடையே டிட்யூன் (சுருதி விலகல்) 3, 4 சென்ட் போதும்.

ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்? 440 ஹெர்ட்ஸில் இரண்டு சாடூத் அலைகளை 10 சென்ட் விலக்கி வைத்தால் அவை நொடிக்கு இரண்டரை முறை ஒன்றையொன்று விட்டு விலகிச் சேரும். எதிரெதிராக வரும் கணத்தில் ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள் (அடிச்சுரத்தின் மடங்குகளில் ஒலிப்பவை) அடித்துக்கொண்டு மறைந்து, இரட்டைப்படை மட்டும் மிஞ்சும். காதுக்கு ஒரு ஆக்டேவ் மேலே தாவியதுபோல இருக்கும். டிஸ்டார்ஷன் இல்லாதபோது இது இனிமையான அலைவு. டிஸ்டார்ஷனுக்குள் போனால், அந்த மெலிந்த கணத்தையும் அது இழுத்து முழு அளவுக்குக் கொண்டுவருவதால், சுரம் இரண்டு ஆக்டேவ்களுக்கு நடுவே தத்தளிக்கும். ஏழு சாடூத்களை ஒன்றாக அடுக்கும் சூப்பர்சா 1996-இல் ரோலண்ட் ஜேபி-8000-உடன் வந்தது. அது அருமையான கண்டுபிடிப்புதான். டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைப்பதற்கானது மட்டும் இல்லை. அகலம் வேண்டுமென்றால் எல்லாம் முடிந்த பிறகு டிலேயில் (எதிரொலியில்) எடுத்துக்கொள்ளலாம்.

இன்னும் கூர்மையான, கத்துகிற குணம் வேண்டுமா? இரண்டாவது ஆஸிலேட்டரை முதலாவதோடு ஹார்டு சிங்க்கில் (முதலாவது ஒவ்வொரு சுற்றைத் தொடங்கும்போதும் இரண்டாவதும் தொடக்கத்துக்குத் திரும்புவது) கட்டி, அதன் சுருதியை 7 முதல் 19 செமிடோன் மேலே வைத்து, ஒரு என்வலப்பால் 200 மில்லிசெகண்டில் கீழே இறக்குங்கள். ஒவ்வொரு சுரமும் "யா" என்று வாயைத் திறந்து மூடும். இதை வைத்தால் சாதாரண சாடூத்தைத் தாழ்த்திவிடுங்கள். இரண்டும் முழு அளவில் இருந்தால் சண்டைதான்.

மீட்டும் சத்தத்துக்கு ஒரு சின்னச் சேர்க்கை: வெள்ளை இரைச்சலில் 10 முதல் 15 மில்லிசெகண்ட் மட்டும் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும். தனியாகக் கேட்டால் "டிக்" என்று அசிங்கமாக இருக்கும். டிரம்ஸோடு கேட்டால் சுரத்தின் முனை தெரியும்.

என்வலப், ஃபில்டர்

ஒலி அளவுக்கான என்வலப்பில் யோசிக்க அதிகமில்லை. அட்டாக் (தொடக்க ஏற்றம்) 2 மில்லிசெகண்ட், சஸ்டெய்ன் (கட்டை அழுந்தியிருக்கும்போது நிற்கும் அளவு) முழுசு, ரிலீஸ் (விட்ட பின் அடங்கும் நேரம்) 60 முதல் 80. அட்டாக்கைச் சுழியத்தில் வைத்தால் சில சின்த்களில் கிளிக் சத்தம் வரும்.

ஃபில்டர் 24 டெசிபெல் லோபாஸ் (மேல் ஒலியை வெட்டுவது). கட்ஆஃப் (வெட்டு தொடங்கும் இடம்) 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம், ரெசொனன்ஸ் (அந்த இடத்தில் தரும் அழுத்தம்) கால்வாசி, கீ டிராக்கிங் (சுரம் உயர உயரக் கட்ஆஃபும் உயர்வது) 70 சதவீதத்துக்கு மேல். டிராக்கிங் இல்லையென்றால் மேல் ஆக்டேவுக்குப் போகப்போக ஒலி போர்வைக்குள் புகுந்துகொள்ளும். ஃபில்டர் என்வலப்பின் டிகே (இறங்கும் நேரம்) 300 மில்லிசெகண்ட் அளவில் இருக்கட்டும். அப்படி வைத்தால், விட்டு விட்டு அடிக்கும் வேகமான ஓட்டத்தில் என்வலப் இறங்க நேரமிருக்காது, எல்லாச் சுரமும் பளிச்சென்று இருக்கும். நீளச் சுரத்தில் மட்டும் மெல்லக் கனிந்து இறங்கும்.

இதோடு சேர்ந்தது ட்ரிகர் விஷயம். லீகாட்டோவில் சிங்கிள் ட்ரிகர் என்றால், கட்டைகளை ஒட்டி அழுத்தும்போது என்வலப் மறுபடி தொடங்காது. கிட்டாரின் ஹேமர்-ஆன் மாதிரி வழுக்கும். விரலை விட்டு விட்டு அடித்தால் ஒவ்வொன்றும் மீட்டியதுபோல வரும். ஆக, ஒரே பேட்ச்சில் (சேமித்து வைத்த ஒலி அமைப்பில்) இரண்டு வகை வாசிப்பும் உங்கள் விரலிலேயே இருக்கிறது.

வெலாசிட்டியை (கட்டையை அடிக்கும் வேகத்தை) ஒலி அளவோடு இணைக்க வேண்டாம். டிஸ்டார்ஷன் அந்த வேறுபாட்டை நசுக்கிவிடும். கட்ஆஃபோடு இணையுங்கள், ஓங்கி அடித்தால் ஒலி பெரிதாவதற்குப் பதில் பல்லைக் காட்டும்.

டிஸ்டார்ஷன்: இங்கே நிதானமாக

ஹேமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப்பில் செருகி டீப் பர்ப்பிள் பேண்டின் ஜான் லார்ட் வாசித்த காலத்திலிருந்தே, கனமான இசையில் கீபோர்டுக்கு இடம் பிடித்துக் கொடுத்தது இந்தக் கட்டம்தான். பெரும்பாலான பேட்ச்கள் கெடுவதும் இங்கேதான். காரணம் எப்போதும் ஒன்று: கெய்ன் (ஒலியைப் பெருக்கித் தள்ளும் அளவு) அதிகம்.

கெய்ன் கூடினால் ஒலி ஏன் சின்னதாகிறது என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. அலையை வரைந்து பார்த்தபோதுதான் புரிந்தது. சாடூத் என்பது கீழிருந்து மேலே சாய்வாக ஏறி, சட்டென்று விழும் கோடு. அதை அளவில்லாமல் பெருக்கி, மேலும் கீழும் சமமாக வெட்டினால் சாய்வு முழுக்கக் காணாமல் போகும்: பாதி நேரம் மேலே, பாதி நேரம் கீழே. அதாவது சதுர அலை. சதுர அலையில் ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள் மட்டுமே. அதனால் உள்ளே பொள்ளலாகக் கேட்கும். ஆசையாகச் செதுக்கிய சாடூத்தை, கெய்னை முறுக்கி முறுக்கி, கிளாரினெட் பக்கம் கொண்டுபோய் விட்டிருப்பீர்கள்.

இதற்கு மூன்று பரிகாரம். ஒன்று, ஒரே இடத்தில் 30 டெசிபெல் தள்ளாமல் இரண்டு கட்டமாகப் பிரியுங்கள்: முதலில் மென்மையான ஓவர்டிரைவ், அடுத்து சற்றுக் கடினமான ஆம்ப். இரண்டாவது, இரண்டுக்கும் முன்னால் ஒரு ஹைபாஸை (கீழ் ஒலியை வெட்டும் ஃபில்டரை) 200 ஹெர்ட்ஸில் வைத்து, 700 ஹெர்ட்ஸ் சுற்றி 3, 4 டெசிபெல் ஏற்றுங்கள். ட்யூப் ஸ்கிரீமர் பெடலைக் கிட்டார்காரர்கள் ஆம்ப்புக்கு முன்னால் வைப்பதும் இதற்குத்தான். அது கீழ் ஒலியைக் குறைத்து நடு ஒலியைத் தூக்கிக் கொடுக்கிறது. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: டிஸ்டார்ஷனில் பயாஸ் என்ற திருகு இருந்தால் நடுவிலிருந்து கொஞ்சம் நகர்த்துங்கள். மேலும் கீழும் சமமாக வெட்டுப்படாததால் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் திரும்பி வரும். அந்தத் திருகில் 0.3 ஹெர்ட்ஸ் வேகத்தில் ஒரு எல்எஃப்ஓவை மிக லேசாக இணைத்துவிட்டால், நீளச் சுரம் நின்ற இடத்தில் நின்றபடியே நிறம் மாறும். கோரஸ் போட்டதுபோலவும் இருக்காது, என்ன செய்தீர்கள் என்று சட்டென்று யாருக்கும் தெரியாது.

கணினியில் செய்பவர்கள் ஒரு சோதனை செய்தே ஆக வேண்டும். பேட்ச்சின் மிக உயர்ந்த சுரத்தைப் பிடித்து வீலை மெதுவாக மேலே தள்ளுங்கள். சுரம் மேலே ஏறும்போது, பின்னணியில் ஏதோ ஒன்று கீழே இறங்குவது கேட்டால் அது அலையாசிங். டிஸ்டார்ஷன் உண்டாக்கிய ஹார்மோனிக்குகள், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஒலிப்பதிவின் எல்லையான 22.05-ஐத் தாண்டி, மடங்கித் திரும்பி வருகின்றன. ஓவர்சாம்ப்ளிங்கை (உள்ளே கூடுதல் வேகத்தில் கணக்கிடுவதை) 4 மடங்குக்கு ஏற்றினால் பெரும்பாலும் அடங்கும். இந்தச் சனியனைக் காதில் வாங்காமல் பல மணி நேரம் ஈக்யூவோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

அடுத்தது கேபினெட், அதாவது ஸ்பீக்கர் பெட்டி. பன்னிரண்டு அங்குலக் கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வேகமாக விழுந்துவிடும். டிஸ்டார்ஷனின் குளவிச் சத்தத்தை வடிகட்டுவது அதுதான். கேபினெட் இம்பல்ஸ் (ஒரு கேபினெட்டின் ஒலிக்குணத்தைப் பதித்த கோப்பு) ஒன்றைப் போடலாம், அல்லது 5.5 கிலோஹெர்ட்ஸில் ஒரு லோபாஸ் வைத்தாலே போதும். முழுக்க முழுக்கக் கேபினெட் வழியாகப் போனால் சுமாரான கிட்டார் நகல்தான் கிடைக்கும், பக்கத்தில் நல்ல கிட்டார் நிற்கும்போது அது எதற்கு? அதனால் கேபினெட் வழி முக்கால் பங்கு, நேர்வழி கால் பங்கு என்று கலக்கிறேன். அந்தக் கால் பங்குதான் "இது சின்த்" என்று சொல்கிறது.

உங்கள் கையெழுத்து: ஒன்றே ஒன்று

ட்ரீம் தியேட்டர் என்ற மெட்டல் பேண்டின் கீபோர்டில் 1994 முதல் 1999 வரை டெரெக் ஷெரினியன், அதன் பிறகு ஜோர்டன் ரூடெஸ். ஒரே பேண்ட், ஒரே நாற்காலி. ஆனால் சோலோவில் இரண்டு பார் கேட்டால் யார் என்று சொல்லிவிடலாம். முன்னவர் கிட்டார் போல முறுக்கி இழுப்பார். பின்னவர் கன்டினுவம் போன்ற கட்டையில்லாத பரப்பில் சுரங்களை வழுக்கியபடி கொண்டுபோவார். ஆளுக்கொரு பழக்கம், அதில் பிடிவாதம்.

உங்களுக்கும் ஒன்று வேண்டும். இரண்டு வேண்டாம். எனக்கு ஃபீட்பேக் மலர்ச்சி. உரத்த ஆம்ப்புக்கு முன் கிட்டார் நீளச் சுரத்தைப் பிடிக்கும்போது, கொஞ்ச நேரத்தில் அடிச்சுரம் மங்கி மேல் ஹார்மோனிக் ஒன்று ஊளையிட்டு எழும் அல்லவா, அதேதான்.

செய்முறை: மூன்றாவது ஆஸிலேட்டரில் சைன் அலை, சுருதி 19 செமிடோன் மேலே; அதாவது ஒரு ஆக்டேவும் ஒரு ஐந்தாம் சுரமும், மூன்றாவது ஹார்மோனிக்கின் இடம். இதன் அளவைச் சுழியத்தில் வைத்து, தனி என்வலப் ஒன்றால் ஏற்றுங்கள்: 700 மில்லிசெகண்ட் காத்திருப்பு, பிறகு 1.5 நொடி ஏற்றம். முதல்முறை செய்தபோது எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. டிஸ்டார்ஷனில் பெரிய ஒலி சின்ன ஒலியை விழுங்கிவிடும் என்பதை மறந்திருந்தேன். சைன் ஏறும்போது அதே என்வலப்பால் சாடூத்தைப் பாதி அளவுக்கும் கீழே இறக்க வேண்டும். அப்போதுதான் சுரம் உடைந்து, இன்னொன்றாக மாறி எழும். இதற்கு அந்த என்வலப் ஒவ்வொரு புதுச் சுரத்துக்கும் மறுபடி தொடங்கும்படி இருக்க வேண்டும், இல்லையென்றால் வேகமான ஓட்டத்தின் நடுவே ஊளை கிளம்பிவிடும். ஆஃப்டர்டச் (அழுத்திய கட்டையின் கூடுதல் அழுத்தத்தை உணர்வது) உள்ள கீபோர்டு என்றால் என்வலப்பே வேண்டாம், கட்டையை இன்னும் அழுத்தினால் எழும்படி வைத்துவிடலாம். எனக்கு அது இன்னும் இயல்பாகப் படுகிறது.

டிலே, ரிவெர்ப்

160 பிபிஎம்மில் கால் சுரம் 375 மில்லிசெகண்ட், புள்ளி வைத்த எட்டாம் சுரம் சுமார் 281. இரண்டில் ஒன்று. ஃபீட்பேக் 20 சதவீதம். திரும்பி வரும் எதிரொலியை 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டிவிடுங்கள். வாசிக்கும்போது தானாகத் தாழ்ந்து, நிறுத்தும்போது எழும் டக்கிங் வசதி இருந்தால் தயங்காமல் போடுங்கள். ரிவெர்ப் பிளேட், ஒன்றரை நொடி, 30 மில்லிசெகண்ட் முன்தாமதம், கொஞ்சமே கொஞ்சம். இரண்டும் டிஸ்டார்ஷனுக்குப் பின்னால்தான்.

பேண்டுக்குள் உட்கார வைப்பது

மெட்டலில் ரிதம் கிட்டார்கள் பொதுவாக இரண்டு ஓரங்களிலும் இருக்கும். சோலோ நேரத்தில் பாடகர் வாயை மூடியிருப்பார். அந்த நடு இடம் காலி. அதுதான் உங்கள் வீடு. லீட்டை நடுவில், மோனோவில் (இரு பக்கமும் ஒரே ஒலியாக) வையுங்கள். எதிரொலிகள் வேண்டுமானால் ஓரங்களுக்குப் போகட்டும்.

வாசிக்கும் எல்லையும் மிக்ஸிங்தான். 24 ஃப்ரெட் கிட்டாரின் உச்சி ஈ6, சுமார் 1319 ஹெர்ட்ஸ். சி4-க்குக் கீழே போனால் ரிதம் கிட்டார் விழுங்கும். ஈ6-க்கு வெகு மேலே போனால் விசில். முக்கியமான சொற்றொடர்களை இவற்றுக்கு நடுவே வைத்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவில், சோலோ ஓடும் பார்களில் மட்டும் ரிதம் கிட்டார்களில் 1.5 முதல் 2 கிலோஹெர்ட்ஸ் வரை அகலமாக 2 டெசிபெல் குறைத்துப் பாருங்கள். லீட்டை 4 டெசிபெல் ஏற்றுவதைவிட இது அதிகம் பலன் தரும், கிட்டார்காரருக்கும் கோபம் வராது. மேடையில் அந்த வசதி இல்லை. அதனால் சோலோ பேட்ச்சை மற்ற பேட்ச்களைவிட 3 டெசிபெல் உரக்கச் சேமித்துவிடுங்கள்.

அப்புறம், கட்ஆஃபை ஒரு திருகிலும் முதல் கட்ட டிரைவை இன்னொரு திருகிலும் கைக்கெட்டும் இடத்தில் இணைத்து வையுங்கள். அறை மாறினால் இந்த இரண்டும் மாற வேண்டியிருக்கும். ஒலிச் சோதனையில் தனியாக வாசித்து அவற்றைத் திருத்தாதீர்கள், இரண்டு கிட்டார்களையும் வாசிக்கச் சொல்லிவிட்டுத் தொடுங்கள்.